அலகு இளகியிருக்கும் நாட்கள்

கடந்த டிசம்பர் மாதத்தின் இறுதி வாரம். காலாண்டுக் கணக்கு முடிக்கும் வேளையில் வங்கி ஊழியர் இல்லங்களில் இரவு உணவு எந்நேரத்தில் நிகழும் என்பதை வாடிக்கையாளர்களாகிய தாங்களும் ஓரளவு அறிவீர்கள். அத்தகைய ஓர் இரவில், நாகபுரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் காவலாளி கதவைத் தட்டினார். அவர் கையில் ஒரு கூண்டு. அதனுள் பக்கவாட்டில் துளையிட்ட மண்கலயம். கீழ்த்தளத்தில் குடியிருந்தோர் வீட்டைக் காலி செய்தபோது பால்கனியிலேயே விட்டுச் சென்றனராம். கூண்டின் கதவு திறந்து கிடந்தது. பெரிய பறவைகளைக் காணவில்லை. “சாப், பானைக்குள் ஏதோ கத்துகிறது. கைவிட எனக்குப் பயமாக இருக்கிறது” என்றார். நாங்கள் முன்பு பறவை வளர்த்தவர்கள் என்று யாரோ அவரிடம் கூறியிருக்கின்றனர். உண்மையில் நாங்கள் வளர்த்தது ஒரு மீன்தொட்டி மட்டுமே.

கலயத்தினுள் நான்கு குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. நம்மூர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கப்படும் பறவையின் குஞ்சுகள். அப்பெயர் உண்மையில் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு சிறு கிளிக்கு உரியது. இவை ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் வாழும் பட்ஜெரிகர் இனம், சுருக்கமாக பட்ஜி. 1840-ஆம் ஆண்டில் பறவையியல் அறிஞர் ஜான் கூல்ட் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் உலகெங்கும் வீட்டுப் பறவையாகிவிட்டன. பெட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால், குஞ்சுகளும் அதே இடைவெளியில் பொரிக்கும். ஆகவே ஒரே கூட்டுக் குஞ்சுகள் படிக்கட்டுப்போல் வெவ்வேறு அளவில் இருக்கும். எங்களிடம் வந்தவற்றுள் மூத்தது இறகு மூடி ஏறத்தாழ முழு உருவம் பெற்றிருந்தது. கடைக்குட்டிக்கு முதுகெங்கும் முட்கள் போன்ற இறகுக் குருத்துகள் மட்டுமே.

இரண்டாவது குஞ்சின் முகம் வேறுபட்டிருந்ததை அன்றிரவே கண்டோம். கிளியினத்தில் மேலலகு கீழ்நோக்கி வளைந்து கீழலகை வெளிப்புறமாக மூடியிருக்க வேண்டும். இதற்கோ மேலலகின் நுனி கீழலகினுள் புகுந்து கொண்டிருந்தது. கீழலகு மண்வெட்டிபோல் முன்னே நீண்டிருந்தது. மூன்றாவதன் மேலலகிலும் அந்தச் சாயல் தெரிந்தது. ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். ஆண்டிறுதிப் பணியின் நடுவே அவ்வாறு நம்புவது வசதியாகவும் இருந்தது.

அப்போதைக்கு வெப்பமும் உணவுமே அவசரம். நாகபுரியின் கோடையைப் பற்றி அனைவரும் அறிவர். அதன் டிசம்பர் இரவின் குளிரைப் பற்றி வெளியூரார் அதிகம் அறியார். இறகு முளைக்கும் பருவத்துக் குஞ்சுக்கு 30 முதல் 32 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. அட்டைப்பெட்டி, மெல்லிய துணி, ஒரு மூலையில் குண்டு பல்பு என்று ஏற்பாடு செய்யலாம். ஆனால் இக்காலத்து எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமேயன்றி வெப்பம் தராது. பழைய இழைவிளக்கு ஒன்றினைத் தேடி மூன்று தெருக்கள் அலைந்தோம். பெட்டியின் ஒரு பாதியை மட்டும் வெப்பமாக வைத்து மறுபாதியைக் குளிர்ச்சியாக விடுதல் வேண்டும். வேண்டிய இடத்திற்குக் குஞ்சே நகர்ந்துகொள்ளும்.

பாலில் நனைத்த ரொட்டியைக் கொடுக்குமாறு அண்டை வீட்டார் அன்புடன் கூறினர். பறவைகளுக்குப் பால் செரிப்பதில்லை என்பதனால் அன்றிரவு நீர்த்த கேழ்வரகுக் கஞ்சியால் ஒப்பேற்றி, மறுநாள் குஞ்சுகளுக்கென விற்கப்படும் உணவு மாவை வாங்கினோம். வெந்நீரில் குழைத்த மாவு 38 முதல் 40 பாகைக்குள் இருக்க வேண்டும். அதைவிடச் சூடானால் தீனிப்பை வெந்துவிடும். ஆறிப்போனால் தீனிப்பையின் இயக்கமே நின்றுவிடும். கரண்டியின் இரு ஓரங்களையும் உள்நோக்கி வளைத்துப் பாலாடைபோல் ஆக்கிக் கொண்டோம். குழந்தைக்குப் பாலாடையில் புகட்டிய அனுபவமுள்ள எங்கள் இல்லத்தரசிக்கே அது முதலில் கைவந்தது. பீச்சுக்குழலைக் காட்டிலும் இதுவே புதியவர்களுக்கு ஏற்றது என்பது எங்கள் கருத்து. குஞ்சு தானே குடிக்கிறது. மூச்சுக்குழலில் உணவு செல்லும் இடரும் குறைவு. பீச்சுக்குழலை எப்போதும் ஒரே பக்கத்தில் அழுத்தி ஊட்டினால், இளம் அலகு அப்பக்கமே சாய்ந்து கத்தரிக்கோல்போல் பிறழவும் கூடும்.

இனிக் கூறுவது எங்கள் பிழை. மாவை ஒரே கிண்ணத்தில் ஒருமுறை குழைத்து, மூத்ததில் தொடங்கி வரிசையாக ஊட்டி வந்தோம். கடைக்குட்டியின் முறை வரும்போது மாவு ஆறியிருக்கும். அதனை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அதன் தீனிப்பை முந்தைய இரவு உண்ட உணவுடன் உப்பியே இருந்தது. இரவில் ஓய்வு தந்து, காலையில் தீனிப்பை வற்றிய பிறகே அடுத்த உணவு தரவேண்டும் என்ற அடிப்படை விதியை அறியாமல், பசியால் கத்துகிறது என்று எண்ணி மேலும் ஊட்டினோம். அன்று மாலை நாங்கள் கிளையிலிருந்து திரும்புமுன் அது இறந்துவிட்டது. பள்ளியிலிருந்து வந்த மகள் மட்டுமே வீட்டில் இருந்தாள். அதன்பின் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து, ஒவ்வொரு குஞ்சுக்கும் முன்னர் வெப்பமானியை இட்டுப் பார்த்தோம்.

அலகைக் காட்டுவதற்கு மருத்துவரைத் தேட ஜனவரி முதல் வாரம் ஆகிவிட்டது. முதலில் சென்ற மருத்துவமனையில் நாய், பூனை மட்டுமே பார்ப்பதாகக் கூறினர். பறவைகளை விற்கும் கடைக்காரர் ஒருவரோ, “நகவெட்டியால் நுனியை வெட்டிவிடுங்கள்” என்றார். நல்லவேளை, நாங்கள் துணியவில்லை. அலகின் வெளிப்புறம் நம் நகத்தைப்போலவே கெரட்டினால் ஆனது. ஆனால் அதனுள் எலும்பும் இரத்தநாளமும் நரம்பும் உள்ளன. வளர்ந்த பட்ஜியின் எடையே 30 முதல் 40 கிராம்தான். அவ்வளவு சிறிய உடலில் சில துளி இரத்தம் போவதும் பேரிழப்பு.

இறுதியில் பறவைகளைப் பார்க்கும் பெண் மருத்துவர் ஒருவரைக் கண்டடைந்தோம். அவர் முதலில் எடையைக் கேட்டார். நகைக்கடன் பிரிவில் பொன்னை மில்லிகிராம் வரை நிறுத்துப் பழகிய எங்களுக்கு, குஞ்சை நிறுக்க வேண்டும் என்று தோன்றாமற் போனது வெட்கமாக இருந்தது. (கிளையின் தராசை நாங்கள் தொடவில்லை என்பதைத் தணிக்கையாளர்களுக்குத் தெரிவித்துக் கொள்கிறோம், அன்றே ஒரு சிறு மின்னணுத் தராசு வாங்கினோம்.)

பிறகு மூன்றாவது குஞ்சைத் துணியில் பொதிந்து, வாயைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். மேலலகின் உட்குழிவில் பழுப்பு நிறத்தில் ஏதோ அடைந்து கிடந்தது. தாய்ப்பறவை ஊட்டிய உணவின் எச்சம் அங்கே ஒட்டிக் காய்ந்து, சிமெண்டுபோல் இறுகிவிடுகிறது. அது மேலலகின் வளர்ச்சியைத் தடுத்து நுனியை உள்நோக்கித் திருப்புகிறது. நுனி கீழலகினுள் ஒருமுறை சிக்கிக்கொண்டால் தானாக வெளிவருவதில்லை. சில வம்சங்களில் பிறவிக் கூறும் சேர்ந்திருக்கலாம் என்றார். மருத்துவர் வெதுவெதுப்பான நீரை ஒரு துளி இட்டு ஊறவைத்து, முனை மழுக்கிய பல்குச்சியால் அந்தக் கட்டியைச் சிறிது சிறிதாக நெகிழ்த்தி எடுத்தார். ஒரு கடுகளவே இருந்தது.

அடுத்து எங்களிடம் பணியை ஒப்படைத்தார். ஒவ்வொரு முறை ஊட்டிய பின்னரும் வாயைத் துடைத்து, மேலலகை விரல்நுனியால் மெல்ல முன்னே இழுத்து, கீழலகின் வெளிப்புறம் அமர்த்திச் சில நொடிகள் பிடித்திருக்க வேண்டும். வலிந்து அழுத்தலாகாது. நாளுக்கு ஐந்தாறு முறை. இளங்குஞ்சின் அலகு இன்னும் இளகிய நிலையில் இருப்பதனால் இவ்வளவே போதும் என்றார். கூட்டைவிட்டு வெளிவரும் வயது, அதாவது ஏறத்தாழ ஐந்து வாரம் நெருங்க நெருங்க அலகு இறுகிவிடும்.

மூன்றாவது குஞ்சுக்கு அப்போது மூன்று வாரம் இருக்கும் என்று இறகு வளர்ச்சியைக் கொண்டு கணித்தார். ஒன்பதாம் நாள் காலை, பாலாடைக் கரண்டியை நீட்டியபோது அதன் மேலலகு கீழலகின் வெளியே தானாகவே நின்றது. மகள் எங்களைப் பெயர் சொல்லியே கூவி அழைத்தாள். அன்று யாரும் அதனைக் கண்டிக்கவில்லை. இன்று அதனையும் மூத்ததையும் பிரித்தறிய இறகின் நிறமே துணை.

இரண்டாவதற்கும் அதே சிகிச்சையை அதைவிடப் பொறுமையாகச் செய்தோம். இழுத்து வைத்தால் ஒரு நிமிடம் நிற்கும், பின் உள்ளே சரியும். அதற்கு ஏறத்தாழ நான்கு வாரம் கடந்திருந்தது. எங்களிடம் வந்த அன்றே, அல்லது மறுநாளே காட்டியிருந்தால் திருந்தியிருக்குமா என்று மருத்துவரைக் கேட்டோம். “திருந்தியிருக்க வாய்ப்பு அதிகம்” என்றார். அவர் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்காகவே அவர்மீது எங்களுக்கு மதிப்பு.

திருந்தாத அலகுடனும் பட்ஜி வாழ இயலும். அதற்குரிய பராமரிப்பு வேண்டும், அவ்வளவே. கிளியின் அலகு ஆயுள் முழுவதும் வளர்வது; மேலும் கீழும் உரசிக்கொள்வதால் தேய்கிறது. உரசல் இல்லாத அலகு நீண்டுகொண்டே போகும். ஆகவே சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவர் சிறு அரத்தால் தேய்த்துச் சீராக்குகிறார். தினையின் உமியை நீக்க அதனால் முடியாது. எனவே உமி நீக்கிய தினையும் சாமையும் ஊறவைத்துத் தருகிறோம். பொடியாக நறுக்கிய கீரை, மசித்த அவித்த முட்டை ஆகியவையும் உண்டு. கணவாய் ஓட்டை மற்ற இரண்டும் கொறிக்கும். இதற்குச் சுரண்டிப் பொடியாக்கித் தூவுகிறோம். நாட்டு மருந்துக் கடைகளில் கடல்நுரை என்று கேட்டால் அது கிடைக்கும். இறகைக் கோத முடியாததால் அழுக்கும் உண்ணியும் சேராமல் கவனிக்க வேண்டும். இதனை இணை சேர்ப்பதில்லை. குஞ்சுக்கு இரையூட்ட இதன் அலகால் இயலாது.

பெரிய பட்ஜிகளின் அலகிலும் மூக்கின் மேலும் தேன்கூடுபோல் வெண்ணிறச் செதில் படர்வதைச் சிலர் கண்டிருக்கலாம். அது வேறு நோய். கண்ணுக்குத் தெரியாத உண்ணியால் வருவது. ஐவர்மெக்டின் என்னும் மருந்தால் குணமாகும்; ஆயினும் நாய்க்கு வாங்கிய மருந்தை வீட்டிலேயே அளந்து இடுவது ஆபத்து. அளவை எடைக்கேற்ப மருத்துவரே கூற வேண்டும்.

நண்பர் ஒருவர், “பறக்க விட்டுவிடுங்களேன், புண்ணியம்” என்றார். நம் நாட்டில் திறந்துவிடப்படும் பட்ஜி பெரும்பாலும் காகத்துக்கும் பருந்துக்கும் இரையாகும். வேற்றுநாட்டு இனமாதலால் இதனை வளர்ப்பதற்குத் தடை இல்லை. நம் பச்சைக்கிளியை வளர்ப்பதோ 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதன் குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

எடைக் குறிப்பேட்டை இன்றும் தொடர்கிறோம். வணிகவியல் படித்த பழக்கம், இடப்புறம் ஊட்டியதும் வலப்புறம் எடையும் எழுதுகிறோம். இன்று காலை இரண்டாவது 33 கிராம். சென்ற வாரத்தைவிட ஒரு கிராம் கூடுதல். அதன் அலகைத் தேய்க்கும் முறை இரண்டாம் சனிக்கிழமை வருகிறது. அன்று வங்கி விடுமுறை என்பது தாங்கள் அறிந்ததே.