டெல்லியிடம் கேட்கும் பங்கு, ஊரிடம் கேட்கும் பங்கு

சித்திரை முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை. நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதிக்குள் இருக்கும் ஒரு காலனித் தெரு. அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளும் தமிழ்ப் புத்தாண்டும் ஒரே நாளில் வருவதால் அன்று தெருவுக்கு இரட்டைத் திருநாள். காலையில் அண்ணலின் படத்துக்கு மாலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாயிற்று. வெயில் தாழ்ந்த பிறகு வேப்பமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள் பேசியதெல்லாம் அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, 2024 ஏப்ரல் 19ஆம் தேதி வாக்குப்பதிவைப் பற்றித்தான்.

பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். பேசியதை மட்டும் எழுதுகிறோம்.

கூலியை முடிவு செய்வது யார்?

"எம்.பி. யாரு வந்தா எனக்கென்ன? ரேஷன் அரிசி, நூறு நாள் வேலைன்னு ஓடுது பொழப்பு. டெல்லிக்கும் நமக்கும் ரொம்ப தூரம்" என்று பேச்சைத் தொடங்கி வைத்தார் நடுத்தர வயதுப் பெண் ஒருவர்.

இந்த முறை முதல் ஓட்டுப் போடப் போகும் கல்லூரி மாணவர் ஒருவர் குறுக்கிட்டார். "தூரம்னு சொல்லாதீங்க அத்தை. நூறு நாள் வேலைக் கூலிய முடிவு பண்றதே டெல்லிதான்."

மாணவர் சொன்னது சரி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுதோறும் அந்தக் கூலியை அறிவித்தது ஒன்றிய அரசு. தமிழ்நாட்டில் 294 ரூபாயாக இருந்தது 2024 ஏப்ரல் 1 முதல் 319 ரூபாய் ஆனது. உடலுழைப்புக் கூலிக்கான பணமும் அப்போது அங்கிருந்துதான் வர வேண்டியிருந்தது. தாமதம் என்றால் கேட்க வேண்டிய முதல் இடம் நாடாளுமன்றம்.

"319னு பேப்பர்ல இருக்கு. அளவெடுத்துப் பாத்து, கையில வர்றது அவ்வளவா?" என்றார் அந்த அத்தை. சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆனால் டெல்லி தூரம் என்று அதன்பிறகு அவர் சொல்லவில்லை.

29 காசு

மாணவரிடம் இன்னொரு கணக்கும் இருந்தது. தமிழ்நாடு வரியாகக் கொடுக்கும் ஒரு ரூபாய்க்கு 29 காசுதான் திரும்பி வருகிறது என்று தேர்தல் மேடைகளில் பேசப்படுகிறதே, அந்தக் கணக்கு. எதிர்த்தரப்பினர் வேறு கணக்கு சொல்கிறார்கள். ஆனால் அடிப்படைக் குறை கற்பனை அல்ல. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு கிட்டத்தட்ட 6 சதவீதம். மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வரித்தொகையில் 15ஆவது நிதிக்குழு நமக்கு ஒதுக்கியது 4.079 சதவீதம்.

தொகுதி மறுவரையறை பற்றியும் அவர் விளக்கினார். மக்களவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது இன்றைக்கும் 1971 கணக்கெடுப்பை வைத்துத்தான் இருக்கிறது. 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதை மாற்றக் கூடாது என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அதன்பின் மக்கள்தொகையை மட்டும் பார்த்துப் பிரித்தால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களின் குரல் குறைந்துவிடும். "நாம 39 பேர அனுப்புறோம். அந்த எண்ணிக்கைக்கு இருக்குற மதிப்பே குறைஞ்சிடும்" என்றார்.

அதுவரை வெற்றிலை மடித்துக்கொண்டு பேசாமல் இருந்த அவருடைய ஆயா, எழுபது வயதைத் தொட்டவர், தலையை நிமிர்த்தினார்.

"டெல்லி நமக்கு 29 காசு குடுக்குது. சரிடா தம்பி. ஊரு நமக்கு எத்தன காசு குடுத்துச்சு? அந்தக் கணக்க யாராச்சும் மேடையில சொன்னாங்களா?"

வெண்மணி நினைவு

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1967ல் தமிழர் நலன் பேசிய மாநிலக் கட்சி முதன்முறையாக ஆட்சிக்கு வந்தது. சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றது அந்த ஆட்சியில்தான். அதே ஆட்சிக் காலத்தில், 1968 டிசம்பர் 25 இரவு, இதே மண்ணில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதில் தொடங்கிய பகை அது. எரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள்.

அப்போது ஆயாவுக்குப் பதினான்கு வயது. "நம்ம ஆளுங்க ஆட்சி வந்துடுச்சுன்னு ஊரே கொண்டாடுனப்ப எங்க அப்பாவும் கொண்டாடுனாரு. அடுத்த வருசமே மார்கழியில வெண்மணி. செத்தவங்களும் தமிழ்தான் பேசுனாங்க, எரிச்சவங்களும் தமிழ்தான் பேசுனாங்க" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

திருப்பூரில் இருந்து வந்தவர்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர் ஒருவர் ஓட்டுப் போடுவதற்காக ஒரு வாரம் முன்னதாகவே ஊருக்கு வந்திருந்தார். "அங்க பீகார் பையனுங்களப் பத்தி நம்ம ஆளுங்களே கண்டபடி பேசுறாங்க. என் பக்கத்து மிஷின்ல இருக்கற பையன்கிட்ட ஊர்ல எங்க வீடுன்னு கேட்டேன். ஊருக்கு வெளியே, தெக்கால பக்கம்னான். அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல. எனக்கும் திருப்பூர்ல வீடு வாடகைக்குக் கேட்டப்ப, நீங்க என்ன ஆளுங்கன்னுதான் மொதல்ல கேட்டாங்க" என்றார்.

மாநில உரிமையைக் கேட்பது வேறு, வடக்கிலிருந்து வரும் கூலித் தொழிலாளியை வெறுப்பது வேறு. இந்த வேறுபாடு அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

தனித் தொகுதி யாருக்கு?

நாகப்பட்டினம் தனித் தொகுதி. தமிழ்நாட்டின் 39ல் இப்படி 7 உண்டு. "நம்ம தொகுதிதானே? அப்புறம் ஏன் ஓட்டுக் கேட்டு வர்றவங்க ஊர்த்தெருவுல ஒரு மணி நேரம், நம்ம தெருவுல அஞ்சு நிமிஷம்?" என்று கேட்டார் அத்தை.

இதற்கு விடை 1932ல் இருக்கிறது. தலித் வாக்காளர்களே தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் முறையை லண்டன் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கர் வலியுறுத்தினார். நம் இரட்டைமலை சீனிவாசனும் அங்கே உடன் இருந்தார். காந்தியின் உண்ணாவிரதத்தைத் தொடர்ந்து, செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் இடங்கள் கூடின. ஆனால் ஓட்டு எல்லோருக்கும் பொதுவானது. நிற்பவர் தலித், தேர்ந்தெடுப்பவர் எல்லோரும். அதனால் ஊர்த்தெரு மனம் கோணாமல் பேச வேண்டிய கட்டாயம் எந்தத் தனித் தொகுதி வேட்பாளருக்கும் உண்டு.

அதற்காக ஓட்டைப் புறக்கணிக்கலாம் என்று அன்று யாரும் சொல்லவில்லை. காலனி ஓட்டு மொத்தமாக விழுந்தால்தான் ஐந்து நிமிடமாவது வருவார்கள் என்பது அவர்கள் கணக்கு.

ஒரே நியாயம்

மாணவருக்கும் ஆயாவுக்கும் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. இருவரும் கேட்பது ஒன்றையே: எங்களுக்கு உரிய பங்கு எங்கே? மாநிலம் ஒன்றியத்திடம் கேட்பதும், காலனி மாநிலத்திடமும் ஊரிடமும் கேட்பதும் ஒரே நியாயம்தான். தமிழ்நாட்டின் மக்களில் நூற்றுக்கு 20 பேர் பட்டியல் சாதியினர். மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப அவர்கள் மேம்பாட்டுக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் சட்டமன்றம் தனிச் சட்டம் நிறைவேற்றியது. அந்தப் பணம் நம் தெருவின் சாலைக்கும் மாணவர் விடுதிக்கும் வருகிறதா என்று பார்ப்பதும் மாநில உரிமையைக் காப்பதைப் போலவே அரசியல் வேலை.

ஆயாவின் வீடு கோயில் நிலத்தில் இருக்கிறது. அவர் மாமனார் காலத்திலிருந்து அங்கேதான் குடியிருப்பு. பட்டா இல்லை. பட்டா தருவது மாநில அரசின் பொறுப்பு. அதற்கு டெல்லியைக் குறை சொல்ல முடியாது. நூறு நாள் கூலி அப்போது டெல்லியின் பொறுப்பு. அதற்கு ஊராட்சித் தலைவரைத் திட்டிப் பயனில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் கேட்க வேண்டியது ஊராட்சியை. எதை யாரிடம் கேட்பது என்று தெரிந்துவிட்டால், ஒருவரைக் காட்டி இன்னொருவர் தப்பிக்க முடியாது. படிக்கிற பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்: அரசியலில் எல்லோர் ஓட்டுக்கும் சம மதிப்பு இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அது இருக்காது; இந்த முரண்பாட்டை விரைவில் நீக்காவிட்டால் ஜனநாயகமே ஆபத்துக்கு உள்ளாகும் என்றார். 2024ல் அதற்கு 75 ஆண்டுகள் நெருங்கின. பட்டா இல்லாத வீட்டில் இருந்துதான் ஆயா ஓட்டுப் போடவிருந்தார்.

இருட்டியதும் பாயைச் சுருட்டினார்கள். "பூத் சிலிப்பு எங்கடா வெச்ச?" என்று பேரனைக் கேட்டார் ஆயா. வாக்குச்சாவடி ஊர்த்தெருப் பள்ளிக்கூடத்தில். காலை 7 மணிக்குத் தொடங்கும். வெயிலுக்கு முன் போய்விட வேண்டும் என்றார்.

"1977லதான் நான் மொத ஓட்டுப் போட்டேன். எங்க அப்பா கைகட்டி நின்ன மிராசுதாரு எனக்குப் பின்னால வரிசையில நின்னாரு. அதுக்காகவே நான் ஒரு தேர்தலும் விட்டதில்ல."