கொல்லைக்கு வரும் செம்போத்து

காகத்தின் அளவில், செங்கல் நிற இறக்கையும் சிவந்த கண்ணுமாகக் கத்தரிப் பாத்தியில் நடந்து திரியும் பறவையே செம்போத்து. அது எதைக் கொத்துகிறது என்று காலையில் மறைவாக நின்று கவனிப்பது நலம். புழு, வெட்டுக்கிளி, சிறு எலி ஆகியவற்றுடன், இரவில் நாற்றுகளை மேய்ந்து அழிக்கும் ஆப்பிரிக்க ராட்சத நத்தையையும் தின்னும். இந்நத்தை 1847-இல் கல்கத்தாவுக்குக் கொண்டு வரப்பட்டதாகும். பிற பறவைகளின் முட்டைகளையும் செம்போத்து விடுவதில்லை என்பது உண்மையே. அதற்காக விரட்ட வேண்டியதில்லை.

நத்தைக்கு மெட்டால்டிஹைடு குருணை வைத்தால் பறவைக்கும் வீட்டு நாய்க்கும் ஆபத்து. மாலையில் ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலைகளைப் பரப்பி, ஒதுங்கும் நத்தைகளைக் காலையில் கையுறை அணிந்து பொறுக்கி உப்புக் கரைசலில் இடவும். வேலியோரப் புதரை அடியோடு வெட்ட வேண்டாம். செம்போத்து கூடு கட்டுவது அங்கேதான்.