பார்த்தேன், ஆனா பார்க்கல: செபுவானோ மொழியில் கண்ணின் வினைச்சொற்கள்

போன வருடம் எங்கள் புராஜெக்ட்டின் டெஸ்டிங் டீம் பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் இருந்தது. அவர்கள் தங்களுக்குள் செபுவானோவில் பேசிக்கொள்வார்கள், சாட்டிலும் அப்படித்தான். ஒரு நாள் ஒருவர் எழுதிய வரியை மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றில் போட்டேன். "நான் அதைப் பார்த்தேன், ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை" என்று வந்தது.

மூல வரி இதுதான்:

கி-தன்'அவ் நாக்கோ, பெரோ வலா நாக்கோ ம-கீத்தா.

நாக்கோ என்றால் 'என்னால்'. வலா இல்லை. பெரோ என்பது ஸ்பானிஷ்காரர்கள் விட்டுப்போன 'ஆனால்'. மீதி இருப்பது இரண்டு வினைகள், தன்'அவ், கீத்தா. இரண்டுக்கும் கருவி 'பார்' என்றே போட்டிருக்கிறது. அந்த ஆள் சொன்னதோ மிகத் தெளிவான விஷயம்: "நான் பார்த்தேன், ஆனா என் கண்ணுல படல." லாக் ஃபைலைத் திறந்து தேடினார், பிழை எதுவும் சிக்கவில்லை. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இந்த இரண்டு சொற்களையும் நோண்டிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எழுத்து பற்றி ஒரு வார்த்தை. மேற்குறி (') போட்ட இடத்தில் தொண்டையை ஒரு நொடி அடைத்துத் திறக்க வேண்டும். செபுவானோக்காரர்கள் அதற்குச் சிறு கோடு போடுவார்கள். நான் சிறு கோட்டை முன்னொட்டைப் பிரித்துக் காட்டப் பயன்படுத்தியிருக்கிறேன். 'கி-' என்பதை கிரிவலத்தில் வரும் கி போல மென்மையாகச் சொல்லுங்கள்.

செபுவானோ பேசுகிறவர்கள் ஏறக்குறைய இரண்டு கோடிப் பேர். செபு, போஹோல் தீவுகள், நீக்ரோஸின் கிழக்குப் பகுதி, லேய்ட்டேயின் மேற்குப் பகுதி, மின்டனாவோவின் பெரும்பகுதி இவையெல்லாம் அதன் நிலம். மலாய், மலகாசி, ஹவாய் மொழிகளோடு ஒரே குடும்பம். கண்ணுக்கு அங்கே மத்தா. 1521-இல் மகெல்லனோடு செபுவுக்கு வந்த இத்தாலியர் பிகாஃபெட்டா எழுதி வைத்த சொற்பட்டியலிலேயே அந்தச் சொல் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் வாசகர்களுக்கு 'மாத்தா' ஏற்கெனவே தெரிந்த சொல்தான். செபுவானோவில் இதே மத்தாவை வினையாக்கி நக்-மத்தா என்றால் விழித்திருக்கிறார் என்று பொருள். தமிழில் 'விழி' கண்ணும் ஆகும், தூக்கம் கலைவதும் ஆகும். இரண்டு மொழிகளுக்கும் உறவே கிடையாது, ஆனாலும் அதே யோசனை இரண்டு இடத்திலும்.

இனி முக்கியமான ஜோடி. கீத்தா என்பது காட்சி வந்து கண்ணில் விழுவது. தன்'அவ் என்பது நாம் கண்ணைக் கொண்டுபோய் வைப்பது. ஆங்கிலத்தில் இதற்கு ஸீ, லுக் என்று இரண்டு சொல் இருக்கிறதே, அப்படியே பொருத்திவிடலாமே என்று தோன்றும். அகராதிகளும் பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகின்றன. ஆனால் ஆங்கிலேயர் சினிமாவையும் 'ஸீ' பண்ணுவார்கள். சினிமா தானாக வந்து கண்ணில் விழுவதில்லை, டிக்கெட் எடுத்துப் போய் உட்கார வேண்டும். அதனால் செபுவானோவில் அது தன்'அவ். டிவி பார்ப்பதும் தன்'அவ். ஆங்கிலத்தில் புரிந்துகொண்டதற்கு அடையாளமாக 'ஐ ஸீ' என்பார்களே, அந்த இடத்தில் செபுவானோக்காரர் கண்ணை இழுக்கவே மாட்டார். "மாவ் பா", அதாவது "அப்படியா" என்பார். ஆங்கிலத்தின் 'வாட்ச்' இன்னும் மோசம். டிவிக்கு தன்'அவ் சரி, ஆனால் காவல் காப்பதற்கு பன்தாய் என்று தனிச் சொல். பிலிப்பைன்ஸ் கரையோரங்களில் சட்டவிரோத மீன்பிடிப்பைக் கண்காணிக்கும் குழுக்களுக்கு பன்தாய் தாகாத், கடல் காவல், என்றே பெயர்.

ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்ற பட்டியல் உதவாது. உண்மையான விஷயம் முன்னொட்டுகளில் இருக்கிறது.

செபுவானோவில் கி-, ந- என்று இரண்டு முன்னொட்டுகள். இரண்டும் நடந்து முடிந்ததைச் சொல்பவை. கண்ணை விட்டுவிட்டு ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொள்வோம். புவாக் என்றால் உடை. 'கி-புவாக் நாக்கோ' என்றால் நான் வேண்டுமென்றே உடைத்தேன். 'ந-புவாக் நாக்கோ' என்றால் என் கையால்தான் உடைந்தது, ஆனால் நான் நினைத்து உடைக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் "நான் உடைக்கல, அதுவா உடைஞ்சிடுச்சு" என்பார்களே, அதில் ஆள் காணாமல் போய்விடுகிறார். செபுவானோவில் அந்தத் தப்பித்தல் கிடையாது. 'என்னால்' அப்படியே நிற்கிறது, நோக்கம் மட்டும் கழன்றுவிடுகிறது. எனக்கு இது மிகவும் நேர்மையான ஏற்பாடாகத் தோன்றுகிறது.

இப்போது கண்ணுக்குத் திரும்புவோம். கீத்தா இயல்பாகவே ந- பக்கம் சேரும். ந-கீத்தா நாக்கோ: நான் கண்டேன், கண்ணில் பட்டது, கிடைத்தது. தன்'அவ் இயல்பாக கி- பக்கம். கி-தன்'அவ் நாக்கோ: நான் பார்த்தேன், கண்ணை வைத்தேன். ஆனால் தன்'அவ் ந- பக்கமும் போகலாம். ந-தன்'அவ் நாக்கோ என்றால் அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு வாய்த்தது, பார்த்து முடித்தாயிற்று என்ற நிறம் வரும். அங்கே ந- தற்செயலைச் சொல்லவில்லை, கைகூடியதைச் சொல்கிறது. தற்செயலுக்கும் 'முடிந்தது' என்பதற்கும் ஒரே ஒட்டா என்று முதலில் குழம்பினேன். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். நம் விருப்பம் மட்டும் போதாது, உலகமும் ஒத்துழைக்க வேண்டும் என்கிற இடங்கள் அவை.

எதிர்மறையில்தான் இது கூர்மையாகிறது.

வலா நாக்கோ ம-கீத்தா.
வலா நாக்கோ தன்'அவா.

முதலாவது, என் கண்ணில் படவில்லை. இரண்டாவது, நான் பார்க்கவில்லை, கண்ணைக் கொண்டுபோகவே இல்லை. ஒரு ஜீப்னி ஓட்டுநர் விபத்துக்குப் பிறகு போலீஸில் வாக்குமூலம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தில் அவர் எதிரே வந்த ஆளைக் காண முடியாமல் போனவர். இரண்டாவதில் சாலையைக் கவனிக்காதவர். இரண்டையும் 'நான் பார்க்கவில்லை' என்று ஒரே வாக்கியமாக மொழிபெயர்த்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கான பதில் அப்படியே துடைக்கப்பட்டுவிடுகிறது. எங்கள் சாட் வரியில் போனது ஐந்து நிமிடம். மருத்துவமனையிலும் கோர்ட்டிலும் இதே கருவிகளை நம்பும் காலம் வந்துவிட்டது என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டுகிறேன்.

நம் ஊரிலும் இந்தக் கோடு இருந்தது. காண், பார் இரண்டும் தனித்தனி. தமிழ்நாட்டுப் பேச்சில் 'பார்' எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. காண் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது: சாவியைக் காணோம், கண்டுபிடி, கண்டுக்காதே. ("கண்டுக்காதே"வில் காண் தலைகீழாகி, வேண்டுமென்றே செய்கிற காரியமாகிவிட்டது, கவனித்தீர்களா?) யாழ்ப்பாணத்தில் "அவரைச் சந்தையில கண்டனான்" என்று இன்றும் சாதாரணமாகச் சொல்வார்கள். அவர்களுக்கு ந-கீத்தா உடனே பிடிபடும். நம்மைப் போன்றவர்கள் 'கண்ணுல பட்டுச்சு', 'தெரிஞ்சுது' என்று சுற்றி வர வேண்டும்.

அடுத்து எனக்கு மிகவும் பிடித்த சொல்: பஙீத்தா. தேடு என்று பொருள். பங்- என்ற முன்னொட்டும் கீத்தாவும் சேரும்போது க் விழுந்து ஙீ வருகிறது. நம் புணர்ச்சி விதிகளைப் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்காது. பள்ளிக்கூடத்தில் ங, ஙா, ஙி, ஙீ என்று வரிசை முழுக்க எழுதிப் பழகிவிட்டு வாழ்நாளில் ஒரு முறையும் பயன்படுத்தாத நமக்கு, கடைசியில் ஒரு வேலை. ஆங்கிலம் தேடுதலை 'லுக் ஃபார்' என்று பார்ப்பதிலிருந்து கட்டுகிறது. செபுவானோ காண்பதிலிருந்து கட்டுகிறது. அங்கே தேடுதல் கண்ணின் முயற்சியில் தொடங்கவில்லை, கண்ணில் படவேண்டிய பொருளில் தொடங்குகிறது. பிழைப்புக்குச் சம்பாதிப்பதற்கும் பஙீத்தா சொல்வதுண்டு. கீத்தா என்றாலே வருமானம் என்றும் ஒரு பொருள்.

இதே வேலையை தன்'அவ் மேல் செய்தால் த் விழுந்து பனன்'அவ். பார்வை. கண் பார்வையும் அதுதான், 'என் பார்வையில்' என்று கருத்துச் சொல்லும்போது வரும் பார்வையும் அதுதான். வெறும் தன்'அவ்வை வைத்தும் அப்படிச் சொல்லலாம், 'ஸா அக்கொங் தன்'அவ்' என்று. கருத்து என்பது நாம் கண்ணை வைக்கும் விதம். அதனால் அது கீத்தாவுக்குப் போகவில்லை.

ப- சேர்த்தால் பிறரைச் செய்ய வைப்பது. பதன்'அவா கோ: கொஞ்சம் பார்க்க விடு. இ-பகீத்தா: காட்டு. நக்-பகீத்தா: தன்னைக் காட்டினார், தோன்றினார். தேவமாதா காட்சி கொடுத்தார் என்பதற்கும் இந்தச் சொல்தான். பார்க்கிறவர் எவ்வளவு முயன்றாலும் நடக்காது, தோன்றுகிறவர் மனசு வைக்க வேண்டும். நம் 'காட்சி கொடுத்தார்' இதை அப்படியே சொல்கிறது.

மக்- சேர்த்தால் ஒருவரை ஒருவர் காண்பது, அதாவது சந்திப்பது. மக்-கீத்தா த என்றால் "பார்க்கலாம்". விடைபெறும்போது சொல்வது. கடைசியில் உள்ள த, கித்தா என்ற சொல்லின் சுருக்கம். கித்தா என்றால் 'நாம்', கேட்பவரையும் சேர்த்த நாம். அவரைச் சேர்க்காத 'நாங்கள்' கமி. ஆங்கிலத்தில் இல்லாத இந்தப் பிரிவு தமிழிலும் செபுவானோவிலும் மலாயிலும் இருக்கிறது. செபுவானோவின் வழக்கமான எழுத்தில் 'காண்' என்பதும் 'நாம்' என்பதும் ஒரே மாதிரிதான் எழுதப்படும். அழுத்தமும் கடைசியில் வரும் தொண்டை அடைப்பும்தான் வேறு. தமிழில் எழுதும்போது கீத்தா, கித்தா என்று நெடிலும் குறிலும் பிரித்துக் காட்டிவிடுகின்றன. இந்த ஒரு விஷயத்தில் நம் லிபி ஜெயித்துவிட்டது.

மற்ற சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தூத்தொக் உற்றுப் பார்ப்பது, முறைக்கிற அளவுக்கு. ஸிப்லத் ஒரு பார்வை வீசுவது. லீலி ஒளிந்து எட்டிப் பார்ப்பது. லிஙி தலையைத் திருப்பிப் பார்ப்பது. ஹஙாத் அண்ணாந்து பார்ப்பது. கடைசி இரண்டிலும் கழுத்துதான் வேலை செய்கிறது. லன்தவ் உயரத்திலிருந்தோ தூரத்திலிருந்தோ பார்ப்பது. செபு நகரத்துக்கு மேலே புசாய் மலையில் டாப்ஸ் என்ற இடத்தில் நின்று நகரத்தையும் அதற்கப்பால் மக்தான் தீவையும் பார்த்தால் அது லன்தவ். இதில் ஒரு பொறி இருக்கிறது. பக்கத்து மொழியான ஹிலிகாய்னோனில் லன்தவ் என்றால் டிவி பார்ப்பதற்கும் சொல்லும் சாதாரணப் 'பார்'. தகலோகில் தனாவ் என்ற சொல் தன்'அவ்வின் சகோதரிதான், ஆனால் அங்கே அது தூரத்துக் காட்சியைப் பார்ப்பது. சகோதரிகள் வீடு மாறி உட்கார்ந்துகொண்டார்கள். தகலோக் தெரியும் என்ற தைரியத்தில் செபுவானோவை ஊகித்தால் இங்கே வழுக்கும்.

தேட விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஜான் வுல்ஃபின் செபுவானோ அகராதி 1972-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தது. இப்போது குட்டன்பர்க் தளத்தில் இலவசம். ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் அது எந்த ஒட்டுகளை ஏற்கும் என்று எழுத்தும் எண்ணுமாகக் குறியீடு போட்டிருப்பார். புரோகிராமர்களுக்கு ஃபங்ஷன் சிக்னேச்சர் படிப்பதுபோல் இருக்கும், முன்னுரையைப் படிக்காமல் நுழைந்தால் தலை சுற்றும். அவர் எ, ஒ உயிர்களைப் பயன்படுத்துவதில்லை, இ, உ மட்டும்தான். தூத்தொக் என்று தேடினால் கிடைக்காது, தூத்துக் என்று தேட வேண்டும். இன்னொன்று, கீத்தாவோடு -அன் சேர்ந்தால் நடுவில் இருந்த உயிர் விழுந்து கித்'அன் ஆகிவிடும். ந-கித்'அன் நாக்கோ என்று மக்கள் தாராளமாகச் சொல்கிறார்கள். கீத்தா என்ற எழுத்துக்கோவையை மட்டும் தேடும் நிரல் இதையெல்லாம் கோட்டைவிடும்.

கணினிக்குப் பழக்க எழுத்து வேண்டுமானால் செபுவானோ விக்கிப்பீடியா இருக்கிறதே என்பீர்கள். கட்டுரை எண்ணிக்கையில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடம், 60 லட்சத்துக்கும் மேல். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஸ்வீடன்காரர் ஸ்வெர்கெர் யொஹான்சனின் லெஸ்ஜேபாட் என்ற நிரல் எழுதியவை. ஊர், மலை, ஆறு, பூச்சி, செடி என்று ஒரே அச்சில் வார்த்தவை. பூச்சியைப் பற்றிய கட்டுரையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, தேடுவதில்லை, விடைபெறுவதில்லை. கி-யும் ந-வும் மோதிக்கொள்ளும் வாக்கியத்துக்கு அங்கே இடமே இல்லை. அதைவிட ஒரு செபு குடும்பத்தின் ஒரு நாள் சாட் மேல்.

காதுக்கும் இதே பிரிவு உண்டு. தூஙொக் என்றால் காதில் விழுவது, பமீனாவ் என்றால் காது கொடுத்துக் கேட்பது. அழுத்தம் கடைசிக்குப் போனால் அதே தூஙொக் கௌரவம், நற்பெயர் என்று ஆகிவிடுகிறது. நம் 'கேள்' வினவுவதையும் சேர்த்துச் சுமப்பதால் ஒப்பீடு இன்னும் சிக்கலாகப் போகிறது. வுல்ஃபில் அந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன், முடித்ததும் எழுதுகிறேன்.