மீண்டும் களமிறங்கிய அணி

விளையாட்டில் வெற்றியைக் கணக்கிடுவது எளிது. வென்ற ஆட்டங்களை எண்ணினால் போதும். ஆயினும், பத்து ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்ற ஒரு கல்லூரி அணியை, அரை நூற்றாண்டு கடந்த பின்னும் ஓர் ஊர் நன்றியோடு நினைவுகூர்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்திலுள்ள மார்ஷல் பல்கலைக்கழகத்தின் 1971ஆம் ஆண்டுக் கால்பந்து அணியே அது. தோல்விகள் மலிந்த அந்தப் பருவம் ஏன் போற்றப்படுகிறது?

ஆட்டமும் பருவமும்

அமெரிக்கக் கால்பந்து, நாம் அறிந்த கால்பந்திலிருந்து வேறுபட்டது. இருமுனையும் குவிந்த நீள்வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் முன்னேறுவதே இதன் அடிப்படை. அணிக்கு 11 பேர் களத்தில் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணி, நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும்; தவறினால் பந்து எதிரணிக்குச் சென்றுவிடும். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்துடன் கடந்தால் 6 புள்ளிகள் கிடைக்கும்.

கல்லூரி அணிகளின் பருவம் செப்டம்பரில் தொடங்கி இலையுதிர்காலம் முழுவதும் நீளும். பெரும்பாலும் சனிக்கிழமைதோறும் ஓர் ஆட்டம் நடைபெறும். அன்று மாணவர், ஆசிரியர், வணிகர், மருத்துவர் என ஊரார் பலரும் அரங்கில் கூடுவர். மார்ஷல் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஹன்டிங்டன், ஒகையோ ஆற்றங்கரை நகரம். அங்கும் கல்லூரி அணி என்பது ஊரின் அணியாகவே விளங்கியது.

இருண்ட நாள்

1970ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், வட கரோலினாவில் ஈஸ்ட் கரோலினா அணியிடம் 14-17 என்ற புள்ளிக்கணக்கில் தோற்ற மார்ஷல் அணி, தனி விமானத்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. மழையும் மூடுபனியும் சூழ்ந்த இரவு. ஓடுதளத்தை அடையும் முன்பே விமானம் மலைச்சரிவின் மரங்களில் மோதி எரிந்தது. அதில் இருந்த 75 பேரும் மாண்டனர். அவர்களுள் 37 பேர் ஆட்டவீரர்கள். பயிற்சியாளர்களும், உடன் சென்றிருந்த ஊர்ப் பெரியவர்களும், விமானப் பணியாளர்களும் மடிந்தனர். அடையாளம் காண இயலாத வீரர் அறுவரின் உடல்கள், நகரின் ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அருகருகே அடக்கம் செய்யப்பட்டன.

கால்பந்தையே நிறுத்திவிடலாமா என்னும் கேள்வி எழுந்தது. ஆடுவது மாண்டவர்களை மறப்பதாகுமோ என்னும் தயக்கம் ஒருபுறம்; ஆடாமல் விடுவது அவர்கள் தொடங்கியதைக் கைவிடுவதாகுமோ என்னும் கலக்கம் மறுபுறம். இறுதியில், ஆடுவதென்றே பல்கலைக்கழகம் முடிவெடுத்தது.

அணி உருவான விதம்

முடிவெடுத்தல் எளிது, அணிக்கு ஆள் சேர்ப்பது அரிது. எஞ்சியிருந்தவர்கள், காயத்தால் பயணம் செல்லாதிருந்த ஒருசில மூத்த வீரர்களும் முதலாண்டு மாணவர்களுமே. முதலாண்டு மாணவர் முதன்மை அணியில் ஆடுவதற்கு அக்கால விதி இடம் தரவில்லை. அதனால்தான் அவர்கள் அந்த விமானத்தில் ஏறவில்லை. அவர்களை உயிரோடு விட்டுவைத்த விதியே, புதிய பருவத்திற்குத் தடையாகவும் நின்றது. 1971இல் சேரும் முதலாண்டு மாணவர்களைக் களமிறக்க, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மார்ஷலுக்குச் சிறப்பு அனுமதி வழங்கியது. பிற விளையாட்டுகளில் ஈடுபட்டிருந்த மாணவர் சிலரும் அணியில் இணைந்தனர்.

புதிய தலைமைப் பயிற்சியாளராக ஜாக் லெங்யெல் பொறுப்பேற்றார். விபத்து நாளன்று தரைவழியே பயணம் செய்ததால் உயிர்பிழைத்த துணைப் பயிற்சியாளர் ரெட் டாசன், தாளாத துயரிடையேயும் ஓராண்டுக்காலம் அவருக்குத் துணைநின்றார். அனுபவமற்ற அணிக்கு ஏற்ற ஆட்டமுறை தேவைப்பட்டது. அண்டைப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாபி பவுடன், 'வீர்' என்னும் முறையைக் கற்றுக்கொள்ள உதவினார். இம்முறையில் எதிரணிக் காப்பாளர் ஒருவரைத் தடுக்காமல் வேண்டுமென்றே விட்டுவிடுவர். அவர் நகரும் திசையைக் கண்டு, பந்தைப் பிறரிடம் தருவதா, தானே ஏந்தி ஓடுவதா என்பதை ஆட்டத்தை நடத்தும் வீரர் நொடிப்பொழுதில் முடிவுசெய்வார். உடல்வலிமையில் குறைந்த அணி, விரைந்த சிந்தனையால் அக்குறையை ஈடுசெய்ய இம்முறை உதவும்.

இரண்டு வெற்றிகள்

முதல் ஆட்டத்தில் மோர்ஹெட் ஸ்டேட் அணியிடம் 6-29 எனத் தோல்வி. அடுத்த வாரம், செப்டம்பர் 25 அன்று, சொந்த ஊரில் சேவியர் அணியை எதிர்கொண்டனர். ஆட்டத்தின் கடைசி முயற்சி தொடங்கியபோது மார்ஷல் பின்தங்கியிருந்தது. ரெஜி ஆலிவர் எறிந்த பந்தை முதலாண்டு மாணவர் டெரி கார்ட்னர் பிடித்து, எல்லைக்கோட்டைக் கடந்தார். 15-13 என வெற்றி. அரங்கிலிருந்தோர் நெடுநேரம் கலையாது நின்றனர். பின்னர் பௌலிங் கிரீன் அணியையும் 12-10 என வென்றனர். எஞ்சிய ஆட்டங்கள் யாவும் தோல்வியே.

தோல்விகள் அத்துடன் நிற்கவில்லை. தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த ஒரு பருவத்தைக் காண, அப்பல்கலைக்கழகம் 1984 வரை காத்திருக்க நேர்ந்தது. 1992இல் தன் பிரிவில் தேசிய வாகையர் பட்டமும் பெற்றது. அந்தப் பட்டத்தைப் பெறுவதற்கு முதலில் ஓர் அணி இருந்தாக வேண்டும். அந்த அணியை இல்லாமற்போக விடாமல் காத்தவர்கள், 1971இல் தோற்றுத்தோற்று ஆடிய இளைஞர்களே. புள்ளிப்பட்டியல் சொல்லாத உண்மை இது.

பல்கலைக்கழக வளாகத்தில், 1972இல் சிற்பி ஹாரி பெர்தோயா வடித்த நினைவு நீரூற்று ஒன்று உள்ளது. ஆண்டுதோறும் நவம்பர் 14 அன்று ஊரார் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். அப்போது நீரூற்று நிறுத்தப்படுகிறது. பனிக்காலம் முழுவதும் வறண்டு நிற்கும் அது, வசந்தம் பிறந்ததும் மீண்டும் திறந்துவிடப்படுகிறது.