நூறாண்டாக ஓடும் அஞ்சலோட்டம்

நம் பாடசாலைகளில் மெய்வல்லுநர் போட்டி நடைபெறும் நாளில் பெரும்பாலும் அஞ்சலோட்டத்தையே இறுதி நிகழ்ச்சியாக வைப்பர். அதுவரை நிழல் தேடி அமர்ந்திருந்த பெற்றோரும் அப்பொழுது எழுந்து கயிற்றோரம் வந்து நிற்பர். நால்வர் ஓட, ஒரு கோல் கைமாற, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். அந்த அஞ்சலோட்டமே இரண்டு நாள் நீடித்து, ஒருவர் ஓடும் தூரமே அரை மரதன் அளவினதாகி, நகரங்களையும் ஆறுகளையும் கடற்கரையையும் கடந்து ஒரு மலையின் மேலேறி மீளுமாயின் எவ்வாறிருக்கும்? அத்தகைய ஓட்டமொன்று யப்பான் நாட்டிலே 1920ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்று வருகின்றது. ஹாக்கோனே எக்கிடென் என்பது அதன் பெயர். 2024ஆம் ஆண்டில் அது தன் நூறாவது ஓட்டத்தைக் கண்டது.

எக்கிடென் என்ற சொல்லின் பொருள் தமிழர்க்கு அயலானதன்று. பண்டை யப்பானில் நெடுஞ்சாலைகள்தோறும் தங்குநிலையங்கள் இருந்தன. நிலையத்துக்கு நிலையம் ஆளும் குதிரையும் மாற, அரசின் ஓலைகள் கைமாறிச் சென்றன. அம்முறையின் பெயரே இந்த ஓட்டத்துக்கும் பெயராயிற்று. தபாலைக் குறிக்கும் அஞ்சல் என்ற சொல்லைக்கொண்டே நாமும் இவ்வகை ஓட்டத்தை வழங்குகின்றோம். திருவிதாங்கூர் நாட்டில் அஞ்சற்காரன் மணி கட்டிய கோலுடன் ஓடி, ஓலைப்பையை அடுத்தவனிடம் ஒப்படைத்த காலத்தை அச்சொல் இன்னும் நினைவூட்டுகின்றது. கடலாலும் மொழியாலும் பிரிந்த இரு மக்கள் ஒரே வழக்கத்திலிருந்து ஒரே பெயரை எடுத்தாண்டிருப்பது இனிய ஒற்றுமையன்றோ?

முதல் எக்கிடென் ஓட்டம் 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் திகதி தொடங்கியது. தலைநகர் தோக்கியோவுக்கு மாறிய ஐம்பதாண்டு நிறைவைக் கொண்டாடுமுகமாக யோமியுரி என்ற செய்தித்தாள் அதனை நடத்திற்று. பழைய தலைநகரான கியோத்தோவின் சன்ஜோ பாலத்திலிருந்து தோக்கியோவின் ஊவெனோ குளக்கரை வரை, ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தூரத்தை 23 பகுதிகளாக வகுத்து, இரவும் பகலும் ஓடினர். கிழக்கணியும் மேற்கணியும் மோத, கிழக்கணி வென்றது. அவ்வணிக்காகக் கடைசிப் பகுதியை ஓடி முடித்தவர் கனகுரி ஷிஸோ என்பவர். ஹாக்கோனே ஓட்டத்தின் வரலாறு இவரைத் தவிர்த்துச் சொல்லத் தக்கதன்று.

காணாமற்போன வீரர்

1912ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரில் ஒலிம்பிக் விழா நடைபெற்றபோது, யப்பான் முதன்முறையாக அதிற் பங்குகொண்டது. மரதன் ஓட்டத்துக்குச் சென்றவர் இளைஞரான கனகுரி. கப்பலிலும் சைபீரியப் புகையிரதத்திலும் பல நாட் பயணம் செய்து அவர் அங்குச் சேர்ந்தார். ஓட்டத்தன்று கடும் வெயில். ஓடியவருள் ஏறத்தாழப் பாதிப்பேரே முடிவெல்லையை அடைந்தனர். போர்த்துக்கல் நாட்டு வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வெப்பத்தால் வீழ்ந்து உயிரிழந்தார். கனகுரியும் வழியில் தளர்ந்து வீழ்ந்தார். சாலையோரத்துக் குடும்பமொன்று அவரை வீட்டினுட் கொண்டுசென்று பேணிற்று. தம் நிலையை நடுவர்க்கு அறிவியாமலே அவர் நாடு திரும்பியதால், சுவீடன் நாட்டார் அவரைக் காணாமற்போனவர் என்றே எண்ணியிருந்தனர்.

1967ஆம் ஆண்டில் சுவீடன் அவரை மீண்டும் அழைத்தது. எழுபத்தைந்து வயது முதியவராகச் சென்று முடிவெல்லையைக் கடந்தார் கனகுரி. அவருடைய நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 செக்கன் என அறிவிக்கப்பட்டது.

இச்செய்தியைப் பலர் நகைச்சுவையாகவே சொல்வதுண்டு. நாமோ இடைப்பட்ட ஆண்டுகளையே பெரிதாகக் கருதுகின்றோம். தோற்றுத் திரும்பிய அவ்விளைஞர் ஓட்டத்தை விட்டொழிக்கவில்லை. உலக நாடுகளோடு போட்டியிடக்கூடிய நெடுந்தூர ஓட்டக்காரரை உருவாக்க வேண்டுமென்று முனைந்தார். ஒருவர் ஒருவராகப் பயிற்றுவதிலும், பத்துப் பேரை ஒருங்கே ஓடச் செய்தால் பலர் தேறுவர் என்பது அவரும் நண்பரும் கண்ட வழி. அமெரிக்காவை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை அஞ்சலோட்டமாகக் கடக்கவும் அவர்கள் கனவு கண்டனர். அக்கனவிலிருந்தே ஹாக்கோனே ஓட்டம் பிறந்தது. 1920ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி வசேதா, கெய்யோ, மெய்ஜி, தோக்கியோ உயர்தர ஆசிரியர் கல்லூரி ஆகிய நான்கு கல்லூரிகள் ஓடின. காலை வகுப்புகள் முடிந்தபின் பகல் ஒரு மணிக்கே ஓட்டம் தொடங்கியமையால், மலையேறும்போது இருட்டிவிட்டது. ஊர் இளைஞர் தீப்பந்தம் ஏந்தி வழிகாட்டினர். ஆசிரியர் கல்லூரி வெற்றி பெற்றது.

ஊர் ஊராக ஒரு பயணம்

இக்காலத்தில் ஜனவரி 2ஆம், 3ஆம் திகதிகளில் இவ்வோட்டம் நடைபெறுகின்றது. போகும் வழி 107.5 கிலோமீற்றர், திரும்பும் வழி 109.6 கிலோமீற்றர். பதின்மர் ஓடுகின்றனர். ஒவ்வொருவருக்கும் உரிய பகுதி 20.8 முதல் 23.1 கிலோமீற்றர் வரையானது. தோக்கியோவையும் அதனைச் சூழ்ந்த மாநிலங்களையும் சேர்ந்த பல்கலைக்கழகங்களின் ஆண்கள் அணிகளே இதிற் பங்குபற்றுகின்றன. முந்திய ஆண்டில் முதற் பத்து இடங்களைப் பெற்றவை நேரே வரலாம். ஏனைய பத்து இடங்களுக்கு அரை மரதன் தேர்வோட்டம் ஒன்று உண்டு. அதில் ஓர் அணியின் பன்னிருவர் வரை ஓட, முந்திய பதின்மரின் நேரங்களைக் கூட்டி அணியின் தகுதியை முடிவு செய்கின்றனர்.

தோக்கியோவின் நடுவிலுள்ள ஒதெமாச்சியில் ஓட்டம் தொடங்குகின்றது. தாமா ஆற்றின் மேலுள்ள ரொக்குகோ பாலத்தைக் கடந்து, முதல்வர் சுருமியில் நிற்கின்றார். இரண்டாமவர் யோக்கஹாமா துறைமுக நகரினூடு சென்று கொன்தா மேட்டில் ஏறித் தொட்சுக்காவை அடைகின்றார். மூன்றாமவருக்கு ஒருபுறம் கடல். வானம் தெளிந்திருந்தால் எதிரே வெண்பனி மூடிய பூஜி மலை. நான்காமவர் ஓயிசோவின் பழைய பைன் மரச்சாலை வழியாகக் கோட்டை நகரான ஒடவாராவுக்கு ஓடுகின்றார். இவ்வூர்களுட் பல, முற்காலத்து தொக்கைதோ நெடுஞ்சாலையின் 53 தங்குநிலையங்களைச் சேர்ந்தவை. ஓலை சுமந்தவர் ஓடிய பாதையிலேயே மாணவர் ஓடுகின்றனர்.

ஐந்தாம் பகுதியே யாவரும் அஞ்சுவது. கடலோரத்து ஒடவாராவை விட்டு, வெந்நீரூற்றுகளுக்குப் பெயர்பெற்ற ஹாக்கோனே மலையில் வளைந்து வளைந்து ஏறும் சாலை, 874 மீற்றர் உயரத்தைத் தொடுகின்றது. வழியிலுள்ள புகையிரதக் கடவையில் ஓடுபவர்க்காக வண்டியை நிறுத்திவைக்கின்றனர்; பயணிகளும் யன்னலூடு கையசைத்து ஊக்குவிக்கின்றனர். உச்சியைக் கடந்து இறங்கினால் அஷி ஏரி. 1619ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, வழிப்போக்கரை மறித்துச் சோதித்த ஹாக்கோனே சுங்கவாயில் இவ்வேரிக் கரையிலேதான் இருந்தது. யாரும் எளிதிற் கடக்கவியலாத அவ்விடத்தின் அருகிலே முதல் நாள் ஓட்டம் முடிவடைகின்றது. மறுநாள் காலை வேறு ஐவர் வந்த வழியே திரும்புகின்றனர். கடைசியில் ஓடுபவர், முற்காலத்துப் பெருஞ்சாலைகளுக்கெல்லாம் தொடக்கமாயிருந்த நிஹொன்பாஷி பாலத்தைக் கடந்து ஒதெமாச்சியை அடைகின்றார்.

தோளிற் கிடக்கும் பாரம்

இவ்வோட்டத்தில் கோல் கிடையாது. தசுக்கி என்னும் துணிப்பட்டியைத் தோளின் குறுக்கே அணிந்து ஓடி, அடுத்தவரிடம் கழற்றிக் கொடுக்கின்றனர். முதல்வரின் வியர்வை பத்தாமவர் தோள்வரை செல்கின்றது. ஆயின் ஒரு விதி உண்டு. பொதுச்சாலையை நெடுநேரம் மறித்துவைக்க இயலாதாகையால், முதலிற் சென்ற அணிக்குப் பின் குறித்த நேரத்துக்குள் பட்டி வந்து சேராவிட்டால், அடுத்தவர் காத்திராமல் ஓடத் தொடங்கவேண்டும். திரும்பும் வழியில் அந்நேரம் 20 நிமிடம். அவ்வணியின் நேரம் கணக்கிடப்படும், அணி நீக்கப்படுவதுமில்லை. எனினும் அதன் வீரர் வேறொரு பட்டியுடன் புறப்படுகின்றார். தம் அணியின் பட்டியைச் சுமந்து, சில செக்கன் பிந்தி, ஆளில்லாத கோட்டுக்கு ஓடி வந்து நிலத்தில் வீழ்ந்தழும் இளைஞரைக் காணுங்கால் கல்நெஞ்சமும் கரையும்.

சில செக்கனுக்கு என்ன பெருமை என்று கேட்போரும் உளர். 2011ஆம் ஆண்டில் 217 கிலோமீற்றர் ஓடிய பின்னர் வசேதா அணி தோயோ அணியை வென்றது 21 செக்கன் வேறுபாட்டிலே. பதின்மரும் ஆளுக்கு இரண்டு செக்கனுக்குச் சற்றுக் கூடுதலாகச் சேமித்திருந்தால் தோயோ சமன் செய்திருக்கும் அளவுக்கு வந்திருக்கும். அவ்வணி யாரையும் பழித்துக்கொண்டிராது மறு ஆண்டே 9 நிமிடத்துக்கு மேற்பட்ட முன்னணியுடன் வென்றது. 1996ஆம் ஆண்டில் நான்காம் பகுதியில் இரண்டு அணிகளின் வீரர் ஓட இயலாது நின்றுவிட்டனர். முந்திய ஈராண்டும் வென்ற யமானாஷி காக்குயின் அவற்றுள் ஒன்று, மற்றையது கனகாவா. பட்டி அங்கேயே நின்றுபோனது. ஆயினும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் முதலிடம் பெற்றது அதே கனகாவா அணியே.

போரும் இப்பட்டியை நிறுத்திற்று. 1941இலும் 1942இலும் ஓட்டம் நடைபெறவில்லை. 1943ஆம் ஆண்டு ஜனவரியில், போர் வெற்றிக்கான வேண்டுதல் என்ற பெயரில் மட்டுமே இசைவு பெற்று மாணவர் ஓடினர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் மாணவர்க்கிருந்த படைச்சேவை விலக்குப் பெரும்பாலும் நீக்கப்பட்டது. ஓடியவருட் சிலர் போர்க்களத்திலிருந்து மீளவேயில்லை. 1947இல் மீண்டும் ஓட்டம் தொடங்கியபோது தோள்கள் மாறியிருந்தன, பாதை மாறவில்லை.

இருபது வயது இளைஞனின் தோளில் ஒன்பது பேரின் உழைப்பை ஏற்றுவது நீதியாகுமா? 1987ஆம் ஆண்டு முதல் இவ்வோட்டம் தொலைக்காட்சியில் நாடறியக் காட்டப்படுவதால், தளர்ந்து வீழ்ந்தவனின் துயரமும் நாடறிந்ததாகின்றது. இக்கேள்வி பொருளற்றதன்று. பிள்ளைகளை அணிக்கு அனுப்பும் பெற்றோரும் ஆசிரியரும் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீழ்ந்தவனைத் தாங்கத் தெரியாத அணிக்கு அவன் தோளிற் பாரமேற்றும் உரிமை இல்லை என்பதே நம் கருத்து.

எனினும் ஸ்டொக்ஹோம் நகரின் வெயிலிலே கனகுரி வீழ்ந்தபோது, அவரை எதிர்பார்த்து அடுத்த திருப்பத்தில் நிற்பதற்கு ஒருவருமில்லை. அவர் தொடக்கிவைத்த ஓட்டத்தில் ஒவ்வொருவருக்கும் முன்னே ஒருவர் காத்து நிற்கின்றார். கடைசி வீரர்க்கு எதிரே பட்டியை வாங்க எவருமில்லை; ஆயின் ஒதெமாச்சியில் அவருடைய அணியினர் யாவரும் கைகளை விரித்தபடி நிற்கின்றனர். முதலாவதாக வரும் அணிக்கும் அப்படியே. இருபதாவதாக வரும் அணிக்கும் அப்படியே.