பருவத் தொழிலும் தொழில்முறை ஆட்டமும்: மரக்காணம் – கடலூர்க் கடற்கரையும் தமிழ்நாட்டு மகளிர் கால்பந்துக் கழகங்களும்

திறவுச் சொற்கள்: மகளிர் கால்பந்து, சேது எஃப்.சி., இந்திய மகளிர் லீக், கடலூர், பருவத் தொழில்.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் உப்பெடுப்பு பருவத்தை நம்பிய தொழிலாகும். பாத்திகளில் உப்பு வாரும் வேலை, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நின்றுவிடுகிறது. உப்பைச் சுமந்து கரைசேர்க்கும் பெண்களுக்கு அம்மாதங்களில் கூலி இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அவ்விடைவெளிக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. இதே கடற்கரையில், புதுச்சேரிக்குத் தெற்கே அமைந்த கடலூர், கால்பந்து வீராங்கனைகளை உருவாக்கிய ஊராகும். அவர்களுடைய ஆட்டமும் நெடுங்காலம் பருவத் தொழிலாகவே இருந்தது. மகளிர் கால்பந்தில் 'தொழில்முறை' என்னும் அடைமொழி எப்பொருளில் வழங்கிவந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடலூரும் மதுரையும்

கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் 2017–18ஆம் ஆண்டு இந்திய மகளிர் லீக்கில் ஆடியது. 2016இல் மதுரையில் தோன்றிய சேது எஃப்.சி.யும் அதே ஆண்டு களம் கண்டது. 2018இல் தமிழ்நாட்டு அணி மணிப்பூரை 2–1 என வென்று தேசிய மகளிர் சாம்பியன் பட்டம் பெற்றது. மறு ஆண்டு, 2019 மே 22 அன்று, லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் சேது எஃப்.சி. மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என வென்று லீக் பட்டத்தை அடைந்தது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அவ்வாண்டு சேது அணியில் ஆடினார்.

லீக்கின் அமைப்பு

அவ்வெற்றி 18 நாள்களில் முடிந்த போட்டியில் கிடைத்தது. பன்னிரண்டு அணிகளும் ஒரே நகரில் தங்கி ஆடின. சேது அணி ஏழு ஆட்டங்களில் பட்டம் வென்றது. அவற்றுள் ஒன்றும் மதுரையில் நடைபெறவில்லை. ஆகவே கழகத்திற்கு நுழைவுச்சீட்டு வருவாயோ, உள்ளூர்ப் பார்வையாளர் கூட்டமோ உருவாக வழியில்லை. மூன்று வார ஆட்டத்திற்கு ஓராண்டு ஒப்பந்தம் தேவைப்படவும் இல்லை. 2023 டிசம்பரில் தொடங்கிய பருவத்தில்தான் ஏழு அணிகள் சொந்த மைதானத்திலும் எதிரணி மைதானத்திலும் மோதும் முறை வந்தது. அதன்படி ஒவ்வோர் அணிக்கும் 12 ஆட்டங்கள் கிடைத்தன.

ஊதியமும் அரசுப் பணியும்

இத்தகைய சூழலில் வீராங்கனையரின் வாழ்வாதாரம் கழகத்திற்கு வெளியே அமைந்தது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை. சேது அணிக்கும் ஆடியவர். அவர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றினார். 2020 பொதுமுடக்கக் காலத்தில் சென்னையில் காவல் பணியில் ஈடுபட்டார். ஆட்டம் அரசுப் பணிக்கு வழியாயிற்று. அப்பணியே ஆட்டத்தைத் தாங்கியது.

2023இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஒவ்வொரு கழகமும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனையருக்கு ஆண்டுக்கு 3.2 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என முடிவு செய்தது. இது மாதத்திற்கு ஏறத்தாழ 26,600 ரூபாய் ஆகும். ஆனால் களமிறங்குவோரே பதினொருவர். மாற்று வீராங்கனையர் அவர்களுக்கு மேல். பத்துப் பேருக்கு அப்பால் உள்ளோருக்கு இவ்வரம்பு உறுதியளிப்பதில்லை. முதன்முறை அணியில் இடம்பெறும் இளம்பெண்கள் அப்பகுதியில் விழும் வாய்ப்பே மிகுதி.

முடிவுரை

உப்பளத் தொழிலாளரின் வேலையில்லாக் காலத்தை அரசு பெயரிட்டு ஏற்றுக்கொண்டுள்ளது. லீக் இல்லாத மாதங்களில் வீராங்கனையரின் நிலைக்கு அத்தகைய ஏற்பு முழுமையாக அமையவில்லை. ஒரு கழகம் 'தொழில்முறை' எனப்படுவதற்குப் பட்டம் மட்டும் சான்றாகாது. அணியின் கடைசி வீராங்கனைக்கும் ஆண்டு முழுவதும் ஊதியம் கிடைக்கிறதா என்பதே உரிய அளவுகோலாகும்.