கோடு கிழித்தால் ஆட்டம் மாறும்

1925-ம் ஆண்டில் கால்பந்துச் சட்டத்தில் ஓர் எண்ணை மாற்றினார்கள். அதுவரை, முன்னால் நிற்கும் வீரருக்கு ஒருவர் பந்தைத் தட்டிவிடும் நேரத்தில், பந்தை வாங்குகிறவருக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேராவது இருந்தாக வேண்டும். இல்லையென்றால் ஆஃப்சைடு. அந்த மூன்றை இரண்டாக்கினார்கள், அவ்வளவுதான். பந்தும் மைதானமும் பழையவைதான். ஆடியவர்களிலும் பெரும்பாலோர் போன வருஷத்து ஆட்கள்தான். ஆனால் இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் முந்தைய சீசனில் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த சீசனில் 1,703.

அணிகள் சும்மா இருக்குமா? அந்த ஆண்டு அக்டோபரில் நியூகாசிலிடம் 0-7 என்று உதை வாங்கிய ஆர்சனல், நடுவில் சுதந்திரமாகத் திரிந்துகொண்டிருந்த சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்துத் தடுப்பாளர் ஆக்கியது. சார்லி பக்கன் என்ற வீரர் வலியுறுத்த, மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் ஒப்புக்கொண்டார். 'டபிள்யூ-எம்' என்று பெயர் பெற்ற அந்த வியூகத்தைப் பார்த்து மற்ற அணிகளும் நகலெடுத்தன. நடுக்களத்தின் ராஜாவாக இருந்தவர் காவல்காரராகிப் போனார்.

இதே கதை 1992-ல் மறுபடி நடந்தது. அந்த வருட யூரோ இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 2-0 என்று வென்ற டென்மார்க், முன்னிலை பெற்ற பிறகு பந்தைத் தன் கோல்கீப்பர் பீட்டர் ஷ்மைக்கேலிடம் திருப்பித் திருப்பிக் கொடுத்தே நேரத்தைக் கரைத்தது. அவர் கையில் எடுப்பார், உருட்டிவிடுவார், திரும்ப வாங்குவார். சட்டப்படி ஒரு தப்பும் இல்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் கொட்டாவி. சில வாரங்களில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது: தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் கொடுத்த பந்தை கோல்கீப்பர் கையால் தொடக் கூடாது. மானுவல் நோயர், எடர்சன் போன்ற கோல்கீப்பர்கள் மிட்ஃபீல்டர் மாதிரி பாஸ் கொடுப்பதற்கு வேர் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கோல்கீப்பர்களுக்குக் காலாட்டம் வேண்டும் என்று அதற்கு முன்பும் சிலர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். கை கட்டப்பட்டதும்தான் கால் வேலை செய்தது.

பயிற்சி என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது ஆட்டக்காரரைத் திருத்துவது. முட்டியை மடக்கு, தலையை நிமிர்த்து, அங்கே ஓடு, இங்கே நில். ஆட்டக்காரரை அப்படியே விட்டுவிட்டு அவரைச் சுற்றியிருக்கும் நிபந்தனையை மாற்றினால் அவர் தானாக வேறு மாதிரி ஆடுவார் என்பதற்கு அந்த இரண்டு சட்டத் திருத்தங்களும் சாட்சி. பயிற்சியாளரின் முதல் வேலை நிபந்தனைகளை வடிவமைப்பது, கத்துவதெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது என் கட்சி.

இந்த வழியில் முதலில் தீவிரமாகச் சிந்தித்தவர்களில் ஒருவர் கீவ் நகரத்து வலேரி லோபனோவ்ஸ்கி. வெப்பப் பொறியியல் படித்தவர். ஆடிய காலத்தில் கார்னர் கிக்கை வளைத்து நேராக கோலுக்குள் இறக்குவதற்குப் பெயர் போனவர். நீப்ரோபெத்ரோவ்ஸ்க் நகரில் பயிற்சியாளராக இருந்தபோது அனதோலி ஸெலென்ட்சோவ் என்ற விளையாட்டு விஞ்ஞானியைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து கால்பந்தை ஒரு பொறியாளர் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். மைதானத்தில் 22 உறுப்புகள் கொண்ட ஓர் அமைப்பு இருக்கிறது. அதற்குள் பதினொன்று பதினொன்றாக இரண்டு துணை அமைப்புகள். குறிப்பிட்ட பரப்புக்குள், சட்டம் என்ற கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு அவை மோதுகின்றன. இரண்டும் சமம் என்றால் டிரா, ஒன்று வலுவானால் அதற்கு வெற்றி. இதுவரை யாரும் தலையாட்டிவிடலாம். அவர்கள் உண்மையில் பிடித்துக்கொண்டது அடுத்த படியை: ஓர் அணியின் திறன் அதன் பதினொரு பேரின் திறன்களைக் கூட்டினால் வருவது அல்ல. அவர்களுக்கு நடுவே உள்ள தொடர்புகள் அதைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும்.

டிவியில் ஒரு கோலை ரீப்ளே காட்டும்போது இதை யோசித்துப் பாருங்கள். கடைசி ஐந்து நொடிதான் காட்டுவார்கள். தடுப்பாளர் வழுக்கி விழுகிறார், ஸ்ட்ரைக்கர் தட்டிவிடுகிறார். பழி தடுப்பாளர் தலையில். ரீப்ளேயை நாற்பது நொடி பின்னால் இழுத்தால் வேறு கதை தெரியும். எதிர்முனையில் ஒரு விங்கர் பந்தை இழந்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றிருப்பார். அவர் விட்ட ஆளைப் பிடிக்க மிட்ஃபீல்டர் பக்கவாட்டில் போக, அவர் விட்ட இடத்தை நிரப்ப சென்டர் பேக் முன்னே வர, கடைசியில் அந்தத் தடுப்பாளர் இரண்டு பேருக்கு நடுவே தனியாக மாட்டிக்கொண்டிருப்பார். விழுந்தது அவர், தவறு வேறெங்கோ பிறந்தது.

கீவில் இதை எண்ணிப் பார்த்தார்கள். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் யார் என்னென்ன செய்தார்கள் என்ற கணக்கு அறிவிப்புப் பலகையில் ஏறும். தன் செயல்களில் 15 முதல் 18 சதவீதத்துக்கு மேல் பிழை செய்யாத அணியை யாரும் தோற்கடிக்க முடியாது என்பது ஸெலென்ட்சோவின் கணக்கு. லோபனோவ்ஸ்கியின் டைனமோ கீவ் அணி 1975-ல் கப் வின்னர்ஸ் கோப்பையை வென்றது. அதே ஆண்டு சூப்பர் கோப்பையில் பேயர்ன் முனிக்கை வீழ்த்தியது; கீவின் மூன்று கோல்களையும் போட்டவர் ஒலெக் ப்ளோகின். 1986 மே 2 அன்று, செர்னோபில் அணு உலை வெடித்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், பிரான்ஸின் லியோன் நகரில் அட்லெட்டிகோ மாட்ரிட்டை 3-0 என்று வென்று மறுபடி அதே கோப்பையை எடுத்தார்கள். அந்தப் போட்டியின் இரண்டாவது கோலைப் பார்க்காதவர்கள் தேடிப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் ராட்ஸ், அவரிடமிருந்து பெலனோவ், அங்கிருந்து யெவ்டுஷென்கோ, கடைசியில் வலப்பக்கம் ப்ளோகின். விசிறி விரிவது போல பந்து போகும். கொடுக்கிறவர் வாங்குகிறவரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே ஆள் இருப்பார் என்று தெரியும்.

இங்கேதான் எனக்கு லோபனோவ்ஸ்கியிடம் ஒரு சண்டை. அமைப்பு, தொடர்பு, கட்டுப்பாடு என்று சரியான கண்ணாடியைத்தான் போட்டார். ஆனால் அதன் வழியே பார்த்து முடித்ததும், விடைகளை எல்லாம் தானே எழுதி ஆட்டக்காரர்களை மனப்பாடம் செய்யச் சொன்னார். மனப்பாடம் லியோனில் பலித்தது. ஆனால் வினாத்தாளை மாற்றிக் கொடுக்கிற எதிரணி வந்தால்?

மனப்பாடத்தின் எல்லையை அவர் நாடான சோவியத் ஒன்றியத்திலேயே ஒருவர் அரை நூற்றாண்டுக்கு முன்பு காட்டியிருந்தார். நிகோலாய் பெர்ன்ஸ்டைன், 1920-களில் மாஸ்கோவில் தொழிலாளர் அசைவுகளை ஆராய்ந்தவர். உளியின் மேல் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளின் மூட்டுகளில் சின்ன விளக்குகளைக் கட்டிப் படம் பிடித்தார். சுத்தியல் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு அடிக்கும் வெவ்வேறு பாதையில் போயின. கைதேர்ந்தவர் ஒரே அசைவைத் திரும்பச் செய்வதில்லை. ஒரே சிக்கலை ஒவ்வொரு முறையும் புதிதாக அவிழ்க்கிறார். 1986-ல் ஆய்வாளர் கார்ல் நியூவெல் இந்த எண்ணத்துக்கு ஒரு சட்டகம் கொடுத்தார். ஆளின் உடலும் மனமும், சுற்றுச்சூழல், செய்கிற வேலையின் விதிகள் ஆகிய மூன்று வகைக் கட்டுப்பாடுகள் உரசும் இடத்தில்தான் அசைவு பிறக்கிறது என்றார். கீத் டேவிட்ஸ் போன்றவர்கள் பிறகு அதை விளையாட்டுப் பயிற்சிக்குக் கொண்டுவந்தார்கள். ஆளின் உயரத்தையோ மழையையோ பயிற்சியாளரால் மாற்ற முடியாது. மூன்றாவது அவர் கையில் இருக்கிறது.

ஃபுட்சாலை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-ல் உருகுவேயின் மாண்டிவிடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், ஒய்.எம்.சி.ஏ. கூடத்துக்குள் ஆடுவதற்காக உருவாக்கிய ஆட்டம் அது. பெரிய மைதானம் 105-க்கு 68 மீட்டர் என்றால், 22 பேருக்கும் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 325 சதுர மீட்டர் வரும். ஃபுட்சாலின் 40-க்கு 20 மீட்டர் களத்தில் பத்துப் பேர், தலைக்கு 80. நாலில் ஒரு பங்கு இடம். பந்தோ அதிகம் எகிறாது. இந்த நெருக்கடியில் பந்தை வாங்குவதற்கு முன்பே சுற்றிப் பார்க்காதவன் பந்தை இழப்பான். பார்க்கும்படி யாரும் சொல்ல வேண்டியதில்லை. ரொனால்டினோவும் நெய்மாரும் சிறுவயதில் ஃபுட்சாலில் ஊறியவர்கள். அவர்களுடைய அடிப்பாத உருட்டல்களில் அந்தக் களத்தின் சாயல் தெரியும்.

மாறாக, பிளாஸ்டிக் கோன்களை வரிசையாக நட்டு நடுவே வளைந்து வளைந்து பந்தை ஓட்டச் சொல்வது உலகமெங்கும் நடக்கும் சடங்கு. கோன் காலை நீட்டாது, ஏமாறாது, ஏமாற்றாது. அதைத் தாண்டப் பழகிய பையன் தலையைக் குனிந்து வேகமாக ஓட்டக் கற்றுக்கொள்கிறான். போட்டியில் அந்த இரண்டுமே ஆபத்து.

ஆனால் நிபந்தனை போடுவதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. தப்பான நிபந்தனை தப்பான ஆட்டத்தை அதே திறமையுடன் கற்றுக்கொடுக்கும். 'ரெண்டு டச்தான்' என்ற விதியைப் பயிற்சியாளர்கள் அடிக்கடி போடுவார்கள், பாஸிங் வேகமாகும் என்று. வேகமாகத்தான் செய்யும். ஆனால் தடுக்கிறவனுக்கும் அந்த விதி தெரியுமே. பந்து வைத்திருப்பவன் தன்னைத் தாண்டி ஓட முடியாது என்று தெரிந்த பிறகு அவன் ஏன் நெருங்கி வர வேண்டும்? தள்ளி நின்று பாஸ் போகும் வழிகளை மட்டும் அடைப்பான். எதிராளி பாய்ந்து வருகிறானா, நிற்கிறானா என்று பார்த்து பந்தை ஓட்டுவதா, கொடுப்பதா என முடிவெடுப்பதுதான் கால்பந்தின் உயிர். அந்த முடிவையே விதி எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக, எத்தனை டச் வேண்டுமானாலும் ஆடு, ஒரே டச்சில் போட்ட கோலுக்கு இரட்டை மதிப்பு என்று சொன்னால், ஆசை காட்டியதாகவும் ஆச்சு, தேர்வு பையனிடமே இருந்ததாகவும் ஆச்சு.

களத்தின் வடிவமும் பேசும். அகலமாகவும் குட்டையாகவும் வரைந்தால் பந்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றுவது லாபம். குறுகலாகவும் நீளமாகவும் வரைந்தால் முன்னோக்கிக் குத்தும் பாஸ். அணிக்கு ஒரு கோலுக்குப் பதில் மூலைக்கு ஒன்றாக இரண்டு சின்ன கோல்கள் வைத்தால், அடைபட்ட பக்கத்தை விட்டு மறுபக்கம் பார்க்கும் பழக்கம் வரும். நம் ஊர்களில் முளைத்திருக்கும் வாடகை டர்ஃப் களங்களில் சுற்றிலும் வலை. பந்து வெளியே போகாது, த்ரோ இல்லை. ஆட்டம் நிற்காமல் ஓடுவது நல்லது. ஆனால் உண்மையான மைதானத்தில் பக்கக்கோடு சம்பளம் வாங்காத ஒரு தடுப்பாளர். வலைக்குள்ளேயே வளர்ந்தவர்களுக்கு அவரோடு பழக்கமே இருக்காது. இரண்டையும் கலந்து ஆடவிடுவதே உத்தமம்.

போட்ட விதி உறைக்கவும் வேண்டும். கோல்கீப்பர் ஆறு நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்ற விதி வருடக்கணக்காகப் புத்தகத்தில் இருந்தது. மீறினால் எதிரணிக்கு மறைமுக ஃப்ரீ கிக், அதுவும் பெனால்டி பகுதிக்குள். தண்டனை அத்தனை கடுமை என்பதாலேயே நடுவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். 2025-ல் அதை எட்டு நொடியாக்கி, தண்டனையை கார்னர் கிக்காகக் குறைத்து, கடைசி ஐந்து நொடியைக் கையுயர்த்தி எண்ணச் சொன்னார்கள். நடுவருக்குக் கொடுக்க மனம் வருகிற தண்டனை அது.

அரிகோ சாக்கி, ஏ.சி. மிலான் பயிற்சியாளராக இருந்தபோது செய்த ஒரு சோதனை இந்த விவாதத்தில் எனக்குப் பிடித்தது. ஒருங்கிணைந்த ஆட்டத்தில் அவருடைய முன்கள வீரர்கள் ருட் ஹுலிட்டுக்கும் வான் பாஸ்டனுக்கும் நம்பிக்கை வரவில்லை. கோல்கீப்பர் கல்லி, தசோட்டி, மால்தினி, கோஸ்டகுர்தா, பரேசி ஆகிய ஐந்து பேரை ஒரு பக்கம் நிறுத்தி, ஹுலிட், வான் பாஸ்டன் உட்படப் பத்துப் பேரை எதிர்ப்பக்கம் விட்டார். பதினைந்து நிமிடம். தடுப்பவர்கள் பந்தைப் பறித்தால், பத்துப் பேரும் தங்கள் பாதிக் களத்துக்குத் திரும்பி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பத்துப் பேரால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. மணிக்கணக்கில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருந்தால்கூட அந்த இருவரும் இவ்வளவு நம்பியிருப்பார்களா தெரியாது. 1989, 1990 இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பை மிலானுக்கே வந்தது.

பயிற்சியாளரும் அமைப்புக்குள் மாட்டியவர்தான். 'ஆடவிட்டு வேடிக்கை பார்க்கிறார், இதற்கா ஃபீஸ்?' என்று பெற்றோர் கோட்டோரம் நின்று முணுமுணுப்பார்கள். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் லீக் அட்டவணை இருந்தால், உயரமான பையனை முன்னால் நிறுத்தி நீளமாக உதைக்கச் சொல்வதுதான் அவருக்கு லாபம். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை.

ஜெர்மானியக் கால்பந்துச் சங்கம் கை வைத்தது இந்த இடத்தில்தான். 2024-25 சீசனிலிருந்து அங்கே சிறுவர் கால்பந்தில் புதிய வடிவம் கட்டாயம். மிகச் சிறியவர்கள் இரண்டு பேர், மூன்று பேர் அணிகளாக, நான்கு குட்டி கோல்கள் வைத்த களத்தில் ஆடுகிறார்கள். புள்ளிப் பட்டியல் கிடையாது. வென்ற அணி ஒரு களம் மேலே போகிறது, தோற்ற அணி ஒரு களம் கீழே இறங்குகிறது. இரண்டு மூன்று சுற்றுக்குள் சம பலம் உள்ளவர்கள் எதிரெதிரே வந்துவிடுகிறார்கள். அப்போது டோர்ட்மண்ட் கிளப்பின் தலைமை நிர்வாகியாக இருந்த ஹான்ஸ்-யோகிம் வட்ஸ்கே இதைக் கிண்டலடித்தார். பிள்ளைகளுக்குத் தோல்வி பழக வேண்டாமா என்பது அவர் கவலை. ஆனால் களத்தை விட்டுக் களம் மாறச் சொன்னதும் ஆறு வயதுப் பையனுக்குத் தோற்றது தெரிந்துவிடும். அடுத்த ஆட்டம் சில நிமிடங்களில் பக்கத்துக் களத்தில் தொடங்குகிறது, அதில் அவனுக்குப் பந்தும் கிடைக்கிறது.